உள் லைற்

சாவி இல்லை. பொத்தானை அமத்தினதும்
ஜப்பான்காரி ஒருத்தி என்னவோ சொல்வாள்.
இவர் பெல்ட்டை இழுத்துக்கொண்டே
"சரிகா" என்பார்.
இரண்டு வருசமாய் இதுதான் எங்கள் புறப்பாடு.

"பாஷைய மாத்தலாம்" என்றார் காத்தான்குடி ஹில்மி,
"முப்பத்தையாயிரம். ஆனா இங்கிலீஷ்தான் வரும்.
தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல."
அப்ப கிடக்கட்டும் என்று விட்டோம்.
அவள் என்னத்தைச் சொன்னாலும்
நமக்குச் சண்டை இல்லை.

குசினி ஜன்னலால் வயர் இழுத்து
இராத்திரி முழுக்கக் குடிக்கக் கொடுக்கிறேன்.
பற்றறியில் பன்னிரண்டு கட்டை, ஒன்பது மிச்சம்.
களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு போய்வரத் தாராளம்.
ஏசியைப் போட்டால் மட்டும்
திரையில் பதினொரு கிலோமீற்றர்
சட்டென்று செத்துப்போகும்.
கண்ணாடியை இறக்குவேன்.
கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்.

ஓடுகிறது நான்.
இவர் தொண்ணூறுகளில் ஹயஸ் வான் ஓடினவர்.
பக்கத்து சீற்றிலிருந்து
இல்லாத பிறேக்கை மிதித்து மிதித்து
ரப்பர் விரிப்பில் ஓட்டை.
குறுக்கே மாடு நின்றால்
கார் தானாய்ப் பிறேக் போடும்,
இவரும் போடுவார்,
நான் மூன்றாவது.

வெள்ளைக் கோட்டை மிதித்தால்
ஸ்டியரிங் என் கையை உள்ளே இழுக்கும்,
கோபமில்லாமல்,
மச்சாள் சீலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி.
பட்டிருப்புப் பாலம் கடந்து
படுவான்கரைக்குள் இறங்கினால் அந்தக் கரிசனமும் போய்விடும்:
அறுவடை. பாதி றோட்டில் நெல்.
கோடு எங்கே, கோடு எங்கே என்று தேடி
திரையில் அந்தக் குட்டி அடையாளம் சாம்பலாகும்.
அங்கே என்னை நம்பித்தான் அது வரும்.
காலால் நெல் துழாவிக்கொண்டிருந்தவன் துள்ளி விலகி
"சத்தமில்லாம வாறீங்களே அக்கா" என்றான்.
இவர் அவனுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார்:
"அந்தக் காலத்தில இப்படிச் சத்தமில்லாமப் போயிருந்தா
சுட்டிருப்பான்."

பிறகு ஒருநாள்,
கல்லடியில் கலியாண வீடு முடிந்து
பத்தரைக்குத் திரும்புகிறோம்.
காத்தான்குடிப் பேரீச்சை வரிசை முடிந்து,
ஆரையம்பதி முடிந்து, தாழங்குடாவும் போய்,
கிரான்குளத்துக்கு முன்னால் விளக்கில்லாத ஒரு துண்டு.
கார் தானே தூர வெளிச்சத்தை ஏற்றியது.
எதிரே ஆளில்லாவிட்டால் ஏற்றும்,
வந்தால் தணிக்கும், என்னைக் கேட்காது.

இவர் நித்திரை என்றுதான் நினைத்தேன்.
மூடின கண்ணோடு கை மேலே போய்
உள் லைற்றைத் தட்டியது.
"வெளிச்சத்தத் தணி. மெதுவா. மெதுவாப் போ."

கண்ணாடியில் றோட்டு இல்லை,
எங்கள் இரண்டு முகம்.
எந்தப் பக்கம் தட்டினால் அந்தத் தானியங்கி நிற்கும்
என்று கைக்கு வரவில்லை.
முன்னால் தாழம்புதர் பகல்போல எரிகிறது,
மரக்கறிக் கொட்டிலின் தகரம் எரிகிறது.
மண்மூட்டை எங்கே இருந்தது,
எனக்குத் தெரியாது.
நான் அந்த வானில் ஏறினதில்லை.
கைக்குத் தெரிந்திருக்கிறது.
எத்தனை இராத்திரி போய்வந்து படித்த கை.

ஊர்ந்தோம். அந்த வேகம் காருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ
மணி அடித்து, திரையில்
ஆவி பறக்கிற ஒரு கோப்பையைக் காட்டியது:
களைத்துப்போனாய், நில், ஏதாவது குடி.
ஜப்பான்காரியும் என்னவோ கேட்டாள்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
சேட்டுப் பையில் அடையாள அட்டையைத் தடவினார்.
"கெதர யனவா, மாத்தயா" என்றார் அவளுக்கு.
வீட்டுக்குத்தான் போகிறோமாம்.

அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

செட்டிபாளையம் மட்டும் உள் லைற் எரிந்தது.
யார் அணைத்தது என்று ஞாபகமில்லை, நானாயிருக்கும்.
வீட்டுக்கு வந்து வயரைச் செருகினேன்.
முப்பத்தெட்டு சதவீதம்.
கரண்ட் இருந்தது.